மனுவில் ஒரு தண்ணீர்

திண்டுக்கல்,
ஆடி 24

அன்பு மகள் நாகஜோதிக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் திருப்பூரில் சுகமா? வயிற்றுப் பிள்ளை நன்றாக உதைக்கிறதா? போனை எடுத்தாலே உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிடுவார். அதனால் பூ மார்க்கெட்டில் மல்லிகையை எடை போட்டுவிட்டு, பஸ் வருவதற்குள் எழுதுகிறேன். பூ மூன்று கிலோதான். மொட்டெல்லாம் ஓரம் கருகிக் கிடக்கிறது.

போன வாரம் மழை பெய்து ஆறு ஓடியது. தண்ணீரா அது? கரை முழுக்க நுரை. மேற்கே தோல் தொழிற்சாலைக் கழிவை மழையோடு மழையாகத் திறந்துவிட்டார்கள். நாம் மட்டும் யோக்கியமா? பூவுக்கு அடிக்கிற மருந்தும் அந்த ஆற்றில்தான் போய்ச் சேருகிறது. நம் கிணறு முன்பே கெட்டதுதான்; இப்போது வாளியை இறக்கினாலே நாற்றம் திண்ணை வரைக்கும் வருகிறது.

உன் அப்பா திங்கட்கிழமை தவறாமல் அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸுக்குப் போகிறார். மனுவில் விஷம் என்று எழுதுகிற அதே மனுஷன், வளைகாப்பு முடிந்ததும் உன்னைப் பிரசவத்துக்குக் கூட்டி வர அறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறார். நான் வாயைத் திறந்தால், "இங்கனயே பொறந்து வளந்தவதானே, அவளுக்கு என்ன ஆயிரும்? குடிக்கத்தான் கேன் தண்ணி வாங்குறோம்ல" என்று சண்டைக்கு வருகிறார். அப்போ குளிக்க? பிள்ளையைக் கழுவ? மனுவில் ஒரு தண்ணீர், மகளுக்கு ஒரு தண்ணீர். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உன்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குக் கேன் தண்ணீரைச் செம்பில் ஊற்றிக் கொடுத்து, எங்கள் கிணற்றுத் தண்ணீர் என்று பெருமை பேசியவர். சம்பந்தி முன்னால் இனி எப்படி மாற்றிச் சொல்வார்? நானும்தான் அன்றைக்குச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

நம் செவலைப் பசு மறுபடியும் குறை மாதத்திலேயே கன்று வீசிவிட்டது. இது இரண்டாவது தடவை. உன்னிடம் சொல்லக் கூடாது என்றார். சொல்லிவிட்டேன்.

அதனால் நீ வராதே. அம்மாவுக்குப் பக்குவம் பார்க்கத் தெரியாது, திருப்பூரிலேயே டாக்டர் நன்றாகப் பார்க்கிறார் என்று ஏதாவது சொல். பழியை என் மேல் போடு. தலைப்பிரசவத்துக்கு மகளைக் கூட்டி வராதவள் என்று ஊர் பேசினால் பேசட்டும்.

வளைகாப்பன்று உனக்குப் பிடித்த புளிச்சாதம் கொண்டு வருகிறேன். கேன் தண்ணீரில்தான் ஆக்குவேன். அப்பா காரில் ஏறச் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துவிடாதே, தாயி. பார்த்தாயானால், நானே உன் கையைப் பிடித்து ஏற்றிவிடுவேன்.

நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும் என்று மாரியம்மனைக் கும்பிடும்,
உன் அம்மா
சண்முகவள்ளி