சித்தி வாங்கிக் கொடுத்த கார்

அன்பு மகள் வாலுவுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அங்கே நீயும் சளி இருமல் இல்லாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன், சாப்பிடாவிட்டாலும் சாப்பிட்டேன் என்றுதான் சொல்லப்போகிறாய், இருந்தாலும் சொல். அப்பாவுக்கு முட்டி வலி இப்போது தேவலை. நூலகத்தில் அவரை மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டார்கள், படியேற வேண்டாம் என்று சந்தோஷம், ஆனால் வருகிறவன் போகிறவன் எல்லாம் கழிவறை எங்கே என்று என்னிடமே கேட்கிறான் என்று ஒரே முணுமுணுப்பு. குளியலறைக் குழாயை மாற்றியாயிற்று, புதுக் குழாயும் சொட்டுகிறது. வீட்டுச் செய்தி இவ்வளவுதான். மற்றதை போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன், வாய் வரவில்லை, நடுவில் நீ சிரித்துவிட்டால் எனக்கு அழுகை வந்துவிடும், அதனால்தான் பேப்பரை எடுத்தேன். கடைசி வரை படித்துவிட்டுப் பிறகு என்னைத் திட்டு.

உன் சித்தி தன் மகனுக்கு, நம்ம நெட்டைக்கு, கார் வாங்கியது எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே உனக்குத் தெரிந்திருக்கிறது. கூடப் பிறந்த அக்கா நான், இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன், இந்த ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக் கொடுத்தவள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குடும்ப குரூப்பில் படம் வந்தது. கருநீல நிறம், சக்கரமே என் இடுப்பு உயரம், பக்கத்தில் உன் சித்தி சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு பல் அத்தனையும் தெரிய நிற்கிறாள், பல் டாக்டர் இல்லையா, காட்டத்தானே செய்வாள். அதற்குக் கீழே நீ எழுதியிருந்தாய், சித்தி அடுத்த ஜென்மத்துல உங்க வயித்துல பொறக்கணும் என்று. விளையாட்டுக்கு எழுதினாய் என்று தெரியும்டி, தெரியாமல் இல்லை. தெரிந்தும் அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. உனக்குப் பதினெட்டு வயதில் நான் என்ன கொடுத்தேன், டிரைவிங் ஸ்கூலில் ஓடி ஓய்ந்த அந்தச் சின்னக் கார், கூரையில் போர்டைப் பிய்த்தெடுத்த பசைத் தழும்போடு. மூன்று பேர் ஏறினால் மேட்டில் மூச்சு வாங்கும், உன் சிநேகிதிகள் இறங்கித் தள்ளுவார்கள். அதற்காக நீ என்னோடு நான்கு நாள் பேசவில்லை. அந்தக் கார்தான் உன்னைக் கை கால் முழுசாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், நீ என்னவென்றால் சித்தி வயிற்றுக்கு விண்ணப்பம் போடுகிறாய்.

பொறாமை என்று நீ சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், பொறாமைதான். என்னைவிட இரண்டு வயது சின்னவள், சின்ன வயதிலிருந்தே அவள் கேட்டது அவள் கைக்குத் தானாக வரும், நான் கேட்டது வரவே வராது. வெள்ளைக் கோட்டுப் போட்டு ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறாள், நான் வெயிலில் வெந்து, கிளச்சை விடு கிளச்சை விடு என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் வருகிறேன். அவளுக்குக் கார் ஓட்டவே தெரியாது, ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை வேர்க்கும். ஓட்டத் தெரியாதவள் வீட்டு வாசலில் அந்தக் கார், ஓட்டுவதே பிழைப்பாக இருக்கிறவள் வீட்டில் கிழட்டுப் பயிற்சி வண்டி. எரியுமா எரியாதா, நீயே சொல்.

ஆனால் ஒன்று, அது வெறும் பொறாமை மட்டுமில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அவ்வளவு வேகமான கார் கூடாது என்று நான் பத்தொன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நம் பயிற்சிக் காரில் ஒரு பிள்ளை தப்பாக மிதித்தால் வண்டி முக்கி முனகி நகர்வதற்குள் நான் சுதாரித்துவிடுவேன். அந்த மாதிரிக் காரில் கால் கட்டைவிரலால் அழுத்தினாலே பக்கத்துத் தெருவில் போய் நிற்கும், தப்பைத் திருத்த நேரமே தராது. பின் சீட்டில் இரண்டு சிநேகிதர்கள் ஏறி, டேய் கொஞ்சம் மிதிடா என்று உசுப்பேற்றினால் எந்தப் பிள்ளைக்கும் கால் சும்மா இருக்காது. இதையெல்லாம் உன் சித்தியிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. சரிக்கா, நீயே ஒரு வாரம் அவன் பக்கத்துல உக்காந்து பாரு, நீ சரின்னு சொன்னா சாவி அவன்கிட்ட, வேணாம்னா வண்டியைத் திருப்பிக் கொடுத்துடறேன் என்றாள். தீர்ப்பு என் கையில். வெளியே மூஞ்சியை உர்ரென்று வைத்துக்கொண்டாலும் உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு குளிர்ந்தது என்று உன்னிடம் மறைக்கமாட்டேன். வேண்டாம் என்று சொல்வதாக அங்கே நாற்காலியிலிருந்து எழுவதற்கு முன்னாலேயே முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் பாழாய்ப்போன பையன் நன்றாக ஓட்டினான். திங்கள், செவ்வாய், புதன், வியாழன் நான்கு நாளும் ஒரு தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்ணாடி பார்க்கிறான், பள்ளிக்கூடத்துப் பக்கம் தானாகவே மெதுவாகப் போகிறான், ஒருத்தன் சர்ரென்று உரசிக்கொண்டு முந்தினபோது கூட, போகட்டும் பெரியம்மா, அவருக்கு என்ன அவசரமோ என்கிறான். கற்றுக் கொடுத்தவளே நான்தான், இருந்தாலும் இவ்வளவு நன்றாகவா கற்றுக்கொள்வான் என்று எரிச்சல் வந்தது. சந்தைப் பக்கம் போ, பாலத்து மேல் போ, ரிவர்ஸ் எடு என்று எங்கெல்லாமோ இழுத்தடித்தேன், பையன் அசையவில்லை. சீட்டு என்னவோ மெத்தை மாதிரி, இஞ்சின் சத்தம் உள்ளே கேட்கவே இல்லை, என் உடம்பு அதில் பழகப் பழக எனக்கு ஆசை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஊருக்கு வெளியே அந்த நேர் ரோடு வந்ததும், இறங்குடா நான் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கிறேன், வண்டி எப்படி என்று தெரிந்தால்தானே முடிவு சொல்ல முடியும் என்றேன். பொய். எனக்கு ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு மிதி மிதித்தேன் பார், முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது, சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஐம்பத்திரண்டு வயதில் இப்படி என்றால் பதினெட்டில் எப்படி இருக்கும் என்று நினைத்தேன், நினைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் மிதித்தேன். பையன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பெரியம்மா மெதுவா மெதுவா என்றான்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகப் படி. நான் பத்தொன்பது வருஷமாக உட்காருவது பக்கத்து சீட்டில். என் காலடியில் இரண்டே பெடல், இடது கிளச், வலது பிரேக். ஆக்சிலேட்டர் எனக்குக் கிடையாது. காய்கறிக் கடைக்குக்கூட மாணவர்களை ஓட்ட வைத்துத்தான் போய் வருகிறேன், நானாக ஸ்டியரிங் பிடித்து எத்தனையோ வருஷம். உன் சித்தி வாங்கினது கியர் இல்லாத வண்டி, அதிலும் இரண்டே பெடல், ஆனால் இடது பிரேக், வலது ஆக்சிலேட்டர். நம் பயிற்சி மைதானத்து வாசலுக்கு வண்டியைத் திருப்பினேன். கேட்டைத் திறக்க நெட்டை இறங்கிப் போனான். கேட்டைத் தள்ளிவிட்டு வண்டிக்கு நேர் முன்னால் நின்று, வாங்க வாங்க என்று கையைக் காட்டினான். அதுவரை யோசித்து யோசித்துத்தான் மிதித்தேன், போதும் நிறுத்து என்று அவன் கையை உயர்த்தினதும் என் கால் பழகின இடத்துக்குப் போய்விட்டது. வலது பெடலை ஓங்கி மிதித்தேன். வண்டி பாய்ந்தது. அவன் பக்கவாட்டில் எகிறி விழுந்தான், வண்டி கேட் தூணில் போய் மோதி நின்றது. அந்தப் பிள்ளைக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு கை அகலம்கூட இல்லை. எனக்குக் கதவைத் திறக்கக்கூடத் தெரியவில்லை.

முன்பக்கம் நசுங்கிப்போய்விட்டது. அவனுக்கு மணிக்கட்டு எலும்பில் கீறல், ஆறு வாரம் மாவுக்கட்டு. கையைப் பிடித்துக்கொண்டு அந்த வலியிலும் அவன் என்ன சொன்னான் தெரியுமா, நான்தான் ஓட்டினேன்னு சொல்லிடறேன் பெரியம்மா, நீங்க பெடல் மாத்தி மிதிச்சீங்கன்னு தெரிஞ்சா யாரு உங்ககிட்ட கத்துக்க வருவாங்க என்று. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாலு, நான் வாயைத் திறக்கவில்லை, அதுதான் நான் செய்தது. உன் சித்தி ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்து எல்லோர் முன்னாலும் அவனைக் கிழித்துத் தொங்கவிட்டாள், இருபத்தைந்து வயசு வரைக்கும் நீ ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது, அந்த வண்டி வித்தாச்சு என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, அக்கா நீ சொன்னதுதான் சரி, நான்தான் உன் பேச்சைக் கேக்கலை என்றாள். பிறந்ததிலிருந்து அவள் வாயால் நான் கேட்க ஏங்கின வார்த்தை. எனக்கு அந்த நிமிஷம் இனித்தது. அவ்வளவு நடந்தும் இனித்தது, என்னை என்னவென்று சொல்வது.

ஒன்பது நாள் அதை அனுபவித்தேன். தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் நீங்கதான் அப்பவே சொன்னீங்களே என்றார்கள், நானும் தலையை ஆட்டினேன். நெட்டை மாவுக்கட்டுக் கையோடு இரண்டு பஸ் மாறிக் கல்லூரிக்குப் போனான், என்னைப் பார்த்தால் சிரித்தான், அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் வேறு தெரு வழியாகப் போக ஆரம்பித்தேன். நேற்று அப்பாவை அந்தக் காரிலிருந்து காகிதங்களை எடுத்துவர ஒர்க் ஷாப்புக்கு அனுப்பினாள் உன் சித்தி. திரும்பி வந்தவர் காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டு, டிரைவர் சீட்டு ரொம்ப முன்னாடி இருந்துச்சு, அந்தப் பையன் காலுக்கு அங்கே இடம் பத்தாது, பின்னாடி தள்ளி வெச்சுட்டு வந்தேன் என்றார். சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். முப்பது வருஷம் பொய் பேசாத மனுஷனையும் இதில் இழுத்துவிட்டேன்.

இன்று காலை சித்தி கிளினிக்குக்குப் போனேன். நாற்காலியில் ஒரு பெரியவர் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தார், நெட்டை கவுன்ட்டரில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தான், என்னைப் பார்த்ததும் வேண்டாம் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான். அவள் வெளியே வரும்வரை காத்திருந்தால் திரும்பிப் போய்விடுவேன் என்று பயந்து, உள்ளே போய் அந்தப் பெரியவர் தலைமாட்டில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், ஓட்ட ஆசைப்பட்டது, பெடல் மாறினது, பிள்ளை பழியை ஏற்றுக்கொண்டது, நான் சும்மா இருந்தது, அவளைப் பார்த்துப் பொறாமை என்பது உள்பட. காரைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. பொறாமையைப் பற்றியும் கேட்கவில்லை. முகமூடியைக் கழற்றிவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், அவன் வண்டிக்கு முன்னாடியா நின்னான் என்று. ஆமாம் என்றேன். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே, இனிமே என் பிள்ளை உக்கார்ற வண்டியில நீ உக்காராதேக்கா என்றாள். சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். ஊரில் யார் ஓட்டலாம் யார் ஓட்டக் கூடாது என்று சொல்கிற என்னிடம்.

அவள் சொன்னது நியாயம், எனக்கு வருத்தமில்லை. டிரைவிங் ஸ்கூலையும் இப்போதைக்கு மூடி வைத்திருக்கிறேன். நானே வேறொரு பயிற்சியாளரிடம் போய் முதல் பாடத்திலிருந்து உட்காரப் போகிறேன், அவர் சரி என்றால் திறக்கிறேன், அப்பாவுக்கும் அதுதான் சரியென்று படுகிறது. பதினெட்டு வயதுக்கு அந்தக் கார் வேண்டாம் என்ற எண்ணத்தை மட்டும் நான் மாற்றிக்கொள்ளவில்லை, எனக்கே அது ஆகவில்லை என்றால் பிள்ளைகளுக்கு எப்படி ஆகும். ஆனால் கிளினிக்கில் ஒன்று நடந்தது, அதை எழுதாவிட்டால் இந்தக் கடிதமே வீண். உன் சித்தி அப்படி ஸ்டூலில் உட்கார்ந்ததும் நெட்டை ஓடி வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்று, மாவுக்கட்டுக் கையை அவள் தோளில் வைத்தான். அவ்வளவு அசிங்கப்பட்டு நிற்கும்போதுகூட எனக்கு வயிறு எரிந்தது வாலு, காருக்காக இல்லை, அந்தக் கைக்காக. நீ இங்கே இருந்திருந்தால், நான் செய்ததெல்லாம் தெரிந்த பிறகும், என் பக்கத்தில் வந்து நின்றிருப்பாயா? உடனே பதில் சொல்லாதே, யோசித்து உண்மையாகச் சொல்.

நீ எந்த ஊரில் இருந்தாலும் நோய் நொடி இல்லாமல், நினைத்த காரியம் கைகூடி, நிறைந்த மனசோடு நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார். நெட்டைக்கு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, கை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள், மற்றதை அவனாகப் பேசினால் பேசட்டும். வண்டியில் ஏறினால் பெல்ட் போட மறக்காதே, பின் சீட்டாக இருந்தாலும் போடு.

உன்னைப் பெற்ற
அம்மா