நின்று கதைக்கும் குமிழிகள்

இன்று காலை மின்சாரம் நின்றதும் ஆய்வுகூடத்தில் காற்றுப் பம்பியின் இரைச்சல் அடங்கியது. பனங்கள்ளு வினாகிரியின் புளிப்பு மட்டும் மூக்கில் ஏறியது. ஜெனரேற்றர் இயங்கச் சில நிமிடம் எடுக்கும். சுவரில் தொங்கும் உன் சைக்கிள் பம்பை எடுக்க ஓடினேன்.

நாம் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஜெனரேற்றர் ஏது? கள்ளை வினாகிரியாக்கும் பற்றீரியாக்களைக் கடற்பாசிப் பசையில் செய்த மணிகளுக்குள் பூட்டி, கண்ணாடிக் குழாயில் கள்ளோடு நிரப்பி வைத்திருந்தோம். மூன்று மாத வேலை. ஒட்சிசன் கொஞ்ச நேரம் நின்றாலே அவை செத்துப்போகும். அன்று பம்பி நின்றபோது நான் தலையில் கைவைத்து இருந்துவிட்டேன். நீ வெளியே ஓடி, உன் சைக்கிளிலிருந்த பம்பைக் கழற்றி வந்தாய்.

நான் அதைப் பறித்து வேகவேகமாக அடித்தேன். அடிக்கக் கடினமாக இருக்கிறதென்று காற்றுக்குழாய் நுனியில் காற்றைப் பொடிக் குமிழிகளாக்கும் நுண்துளைக் கல்லையும் கழற்றிவிட்டேன். நெல்லிக்காய் அளவில் குமிழிகள் கொப்பளித்தன. எனக்குப் பெருமை வேறு.

"என்னப்பா செய்யிறாய்? பெரிசெல்லாம் ஒரே ஓட்டமா மேலை போயிடும். சின்னன்தான் மணியளோடை நிண்டு கதைச்சுப் போகும்," என்றாய்.

கல்லைத் திரும்பப் பூட்டி மெதுவாக அடித்தாய். குழாய் முழுவதும் பால்போல வெளுத்தது. ஒன்றரை மணித்தியாலம் மாறி மாறி அடித்தோம். குருநகர்ச் சுழியோடியின் மகள் நீ. "கடலட்டை பிடிக்கப் போற அப்பா மூச்சு முட்டினா மேலை வருவார். உதுகள் பாவம், எங்கை போறது?" என்றாய். எனக்கு மெய்சிலிர்த்தது. அதுவரை அந்தக் குழாயில் இருந்தவற்றை உயிர்கள் என்று நான் உண்மையாக நினைத்ததே இல்லை. கண்ணுக்குத் தெரியாத, அசைய முடியாத கோடானுகோடி உயிர்கள் நம் இருவரின் கையை நம்பிக் கிடந்தன. மறுநாள் சோதித்தோம். புளிப்பு ஏறியிருந்தது.

கடைசியாக உன்னை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். தலைமாட்டில் தண்ணீர்ப் போத்தலுக்குள் ஒட்சிசன் கொப்பளித்துக்கொண்டிருந்தது. அழுதுவிடக் கூடாதென்று அதையே பார்த்தேன். நீயும் பார்த்தாய்.

"உதிலையும் கல்லைக் கழட்டினது நீதானே? எல்லாம் ஓடுது," என்றாய்.

சிரித்துக்கொண்டே அழுதேன்.

அன்று பிழைத்தவற்றிலிருந்து வளர்த்தவைதான் இன்றும் குழாயில் இருக்கின்றன. எத்தனை தலைமுறையோ தெரியாது. ஜெனரேற்றர் இயங்கிய பிறகும் நான் பம்பை வைக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அடித்தேன், மெதுவாக, கல்லோடு.