கயிறு பிடிக்க ஆள் கிடைத்துவிட்டது

இன்று சனிக்கிழமை, காலை ஐந்து நாற்பது. நான் பதில் எழுத வேண்டிய செய்திகள்: பூஜ்யம். முத்தையாபுரம் வீட்டு மொட்டை மாடியில் நின்று போனைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நெட் போய்விட்டதோ என்று சந்தேகம். போகவில்லை. வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது, என்னிடம் வராமல். இதை முதலில் உன்னிடம்தான் சொல்லத் தோன்றியது. நீ இல்லை என்று தெரியும். ஆனாலும் எழுதுகிறேன்.

கல்லூரி முடித்த கையோடு கடலில் எங்கே எவ்வளவு காற்று என்று போனில் காட்ட நாம் தொடங்கிய காற்று வரைபடம் இன்னும் ஓடுகிறது. மணப்பாட்டிலிருந்து கீழவைப்பார் வரை, சிறு படகில் மீன் பிடிக்கும் வள்ளக்காரர்கள் கடலுக்குப் போகுமுன் அதைத் திறந்து பார்க்கிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்று நிரல் முழுவதையும் திறந்து வைத்தது உன் பிடிவாதம். நிரல் எழுதியது நான். மீதி எல்லாம் நீ: புதிதாக வருபவரை வரவேற்பது, குறை சொல்பவருக்குப் பதில் சொல்வது, வாட்ஸ்ஆப் குழுவில் சண்டையைத் தணிப்பது, எந்த வேலை யாரிடம் நிற்கிறது என்று விசாரிப்பது.

"அது என்னல பெரிய வேல?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒரு வாரம் நீ செஞ்சு பாரு. அப்புறம் உன்கூடப் பேச ஆளே இருக்காது."

சரியாகத்தான் சொன்னாய். துறைமுகச் சாலை விபத்தில் நீ போன பிறகு எல்லாம் என் தலையில் விழுந்தது. வரைபடம் திறக்கவில்லை என்று ஒருவர் எழுதினால், 'போனை மாற்றவும்' என்று பதில் போட்டேன். தப்பில்லை, அது பழைய போன். அவர் குழுவை விட்டே போய்விட்டார். பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கலாம் என்று, நன்றாக நிரல் எழுதுகிற மூன்று பேரைப் பிடித்தேன். அவர்களுக்கும் என்னைப் போலவே பேச்சு என்றால் அலர்ஜி. ஒருவர் பின் ஒருவராகக் காணாமல் போனார்கள்.

சோளகக் காற்று பலமாக அடித்த ஒரு வாரம், பஞ்சாயத்துகளுக்குப் பதில் எழுதியதில் சர்வரைப் பார்க்க நேரமில்லை. ஒரு முழு நாள் முந்தைய நாள் காற்றையே வரைபடம் காட்டிக்கொண்டிருந்தது. கடலில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம். பொய் சொல்கிற வரைபடத்துக்கு வரைபடமே இல்லாதது மேல் என்று, இந்த மாதத்தோடு நிறுத்துகிறோம் எனக் குழுவில் அறிவித்தேன்.

உடனே போன் வந்தது. கீழவைப்பார் ஜெசிந்தா அக்கா. உனக்குத் தெரியும், தினமும் ஏதாவது குறை சொல்பவர். அவருடைய வீட்டுக்காரரும் தம்பியும் ஒரே வள்ளத்தில் போகிறவர்கள்.

"தம்பி, நிப்பாட்டப் போறியளாமே?"

"ஆமாக்கா. ஒத்த ஆளாப் பாக்க முடியல."

"ஒத்த ஆளாப் பாக்கச் சொல்லி யாரு அழுதா? இங்கன தாங்க, நான் பாக்கேன்."

"உங்களுக்கு கோடிங் தெரியாதேக்கா."

"உங்களுக்கு மனுசன்ட்ட பேசத் தெரியாது. நான் எதும் சொன்னேனா?"

போனை வைத்த பிறகுதான் பழைய துறைமுகத்துப் பக்கம் டீ குடித்த ஒரு மாலை நினைவுக்கு வந்தது. உன் அப்பா சங்கு குளிக்கப் போன நாட்களில், வள்ளத்தில் நின்று அவர் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்தது உன் தாய்மாமா என்று சொன்னாய். மாமா நன்றாக முங்கத் தெரிந்தவரா என்று கேட்டேன்.

"அவருக்கு நீச்சலே சுமாருதாம்ல. ஆனா கயிறு நழுவுனா யாரு தாலி போவும்? அவரு தங்கச்சி தாலிதான? அதாம்ல எங்க ஆளுக மச்சான் கையில கயிறக் குடுக்கது."

அன்று எனக்கு அது வெறும் கதை. நான் இத்தனை நாளும் முங்கத் தெரிந்தவனையே கயிறு பிடிக்கத் தேடியிருக்கிறேன். திட்டம் மூழ்கினால் யாருக்கு இழப்போ, அவரிடம் அல்லவா கேட்டிருக்க வேண்டும்?

குழு, முறையீடுகள், புதியவர்கள் எல்லாவற்றையும் அக்காவிடம் ஒப்படைத்தேன். முதலில் அவர் எழுதும் ஒவ்வொரு பதிலுக்குக் கீழேயும் நான் ஒரு திருத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு விசைப்படகில் போகிற லாஞ்சுக்காரர்களுக்கும் வள்ளக்காரர்களுக்கும் சண்டை வந்தது, யார் போகிற கடற்பகுதியை வரைபடத்தில் முதலில் துல்லியமாக்குவது என்று. நான் எழுதத் தொடங்கியதுமே அக்காவின் குரல்பதிவு வந்து விழுந்தது.

"டைப்பிங்னு காட்டுது தம்பி. கைய எடுங்க. நீங்க வாயத் தொறந்தா ரெண்டு கூட்டமும் சேந்து உங்கள அடிக்கும். அதுவும் ஒரு சமாதானந்தான், ஆனா எனக்கு வேண்டாம்."

கையை எடுத்தேன். அவர் ஞாயிறு பூசை முடிந்து இரு தரப்பையும் ஒவ்வொருவராகப் போனில் பிடித்தார். கடைசியில் வள்ளக்காரர்களின் பகுதி முதலில் என்று முடிவானது. அங்கே காற்றை அளந்து அனுப்ப லாஞ்சுக்காரர்களே ஒப்புக்கொண்டார்கள். எப்படியக்கா என்றேன். "கேட்டேன், சரின்னாவ."

எனக்கு அந்த ஞாயிறு முழுக்க நிரல் மட்டும்தான். இப்போது காற்றுத் தகவல் வருவது நின்றால், 'இது பழையது, நம்பாதீர்கள்' என்று வரைபடமே சிவப்பில் சொல்லிவிடும். முடித்துவிட்டு அலாரம் வைக்காமல் தூங்கினேன். நீ போன பிறகு அதுதான் முதல் தடவை.

இனி செய்யப்போவது:

1. சர்வர் கடவுச்சொல்லை அக்கா கைகாட்டும் இன்னொருவருக்கும் கொடுப்பேன். எனக்கு ஏதாவது ஆனால், என் போனைத் திறந்து தரச் சொல்லி யாரும் என் அம்மா முன்னால் போய் நிற்கக் கூடாது, உன் அம்மா முன்னால் நான் நின்றதுபோல.

2. அக்கா கேட்டால் மட்டும் குழுவில் பேசுவேன். கஷ்டம்தான்.

3. நிர்வாகிகள் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுவேன்.

4. அதில் முதலாவதாக இருக்கிற உன் பெயர் அப்படியே இருக்கும். இல்லாதவர் பெயர் எதற்கு என்று புதிதாக வந்த ஒருவர் கேட்டிருக்கிறார். இதற்கு நானே பதில் சொல்வேன். இந்த வேலையை யாருக்கும் பிரித்துக் கொடுக்கவில்லை.