அடுத்த வரியில் இருந்த காது

கொட்டாஞ்சேனை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ராஜராஜேஸ்வரிக்கு, அப்பா உலகப்பன் சொந்தக் கையால் எழுதிக்கொள்வது. எழுத்து கோணலாக, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருக்கும், மன்னித்துக்கொள். புறக்கோட்டையில் நாற்பது வருடம் மூட்டை தூக்கிய கைக்குப் பேனா பாரமாக இருக்கிறது. காலைத் தேநீருக்குப் பிறகு உட்கார்ந்தவன், அம்மா சோறு போட்டுவிட்டுக் கூப்பிடுகிறாள், இன்னும் முதல் பக்கத்தில்தான் நிற்கிறேன். பிழை பார்த்துத் தரவும் இந்த முறை ஆள் இல்லை, ஏன் இல்லை என்பதைத்தான் எழுத வந்தேன். இங்கே நானும் அம்மாவும் உன் மகள் நிஷாந்தியும் நல்ல சுகம். நீயும் மாப்பிள்ளையும் கட்டார் வெயிலில் வாடாமல் இருக்க மாரியம்மன் துணை நிற்பாள்.

நிஷாந்தியை வெள்ளவத்தைத் தனியார் பாடசாலையில் முதலாம் வகுப்பில் சேர்க்க விண்ணப்பம் கொடுத்ததும் நீ போனில் கேட்டாய், அங்கே படிப்பிக்கிற டீச்சர் யாரையாவது பார்த்து ஒரு வார்த்தை சொல்லலாமா என்று. எங்களைப் போன்ற வயதானவர்களுக்குச் சனிக்கிழமைகளில் எழுத்துச் சொல்லித்தரும் மர்லியா டீச்சர் அந்தப் பாடசாலையில்தான் வேலை செய்கிறார் என்பது உனக்குத் தெரியும். பார்க்கலாமா கூடாதா என்பதைப் பாடசாலை வாசலில் ஒட்டியிருக்கும் அறிவித்தலை நானே வாசித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். பஸ் ஏறிப் போய் வெயிலில் நின்று எழுத்துக் கூட்டி வாசித்தேன். ‘விண்ணப்பதாரர்கள் ஆசிரியர்களைத் தொடர்பு கொள்ளலா’ என்று ஒரு வரி முடிந்தது. அச்சடித்தவன் ‘ம்’ போட மறந்துவிட்டான், என்னைவிட மோசமாக எழுதுகிறானே என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். அடுத்த வரி ‘காது மருத்துவச் சான்றிதழ் இணைக்கவும்’ என்று இருந்தது. அன்றைக்கே உன்னிடம், பார்க்கலாம் மகள், எழுதியே போட்டிருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னேன் அல்லவா? மறுநாள் நிஷாந்தியைக் காது டொக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் இரண்டு காதிலிருந்தும் கடலை அளவு அழுக்கு எடுத்துச் சான்றிதழும் தந்தார், அதைப் பாடசாலை அலுவலகத்தில் கொடுத்து விண்ணப்பத்தோடு சேர்த்தேன். அன்றிலிருந்து பிள்ளை குளிக்க ஒரு தரம் கூப்பிட்டாலே வந்து நிற்கிறாள். கேளாதவள்போல நடிக்கிறாள் என்று இவ்வளவு நாள் ஏசிய அம்மாவுக்கு இப்போது வெட்கம்.

அந்தச் சனிக்கிழமை ரம்புட்டான் ஒரு பையும், நிஷாந்தியின் பெயரை நானே எழுதிய துண்டும் டீச்சரிடம் நீட்டினேன். சுடுபாத்திரத்தைத் தொட்டவர்போல அவர் கையை இழுத்துக்கொண்டார். யார் இப்படிச் செய்யச் சொன்னது என்று கேட்டார். உங்கள் பாடசாலை அறிவித்தல்தான் என்றேன். அவர் தன் போனில் இருந்த அறிவித்தலைக் காட்டிச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். “வரி முடிஞ்சா வசனம் முடிஞ்ச மாதிரி இல்ல ஐயா, அடுத்த வரியையும் சேத்து வாசிங்க” என்றார். சேர்த்து வாசித்தால், மகளே, கொள்ளலாகாது. காதுக்குப் பக்கத்தில் ஒரு முற்றுப்புள்ளியும் இருந்தது, அதை நான் தூசி என்று நினைத்திருந்தேன். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் டீச்சர் அதற்குக் கீழே இருந்த வரியையும் விரலால் காட்டினார். மீறினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். பிள்ளையின் இடத்தை நானே கெடுத்துவிட்டேனே, உனக்கு என்ன பதில் சொல்வேன் என்று இருந்தது. டீச்சர், இதைப் பாடசாலை அதிபரிடம் மறைக்க முடியாது என்றார். முதலில் நான் சொல்கிறேன், பிறகு நீங்கள் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். ரம்புட்டானை வகுப்பில் மற்றவர்கள் தின்று முடித்தார்கள், டீச்சர் ஒன்றுகூட எடுக்கவில்லை.

வீட்டில் அம்மா, “எழுத்துத் தெரியாத காலத்துல இந்த வம்பு ஒண்ணும் இல்லையே” என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். நான் அதிபருக்கு நாலு வரி எழுதினேன். தவறு என்னுடையது, பிள்ளைக்கும் டீச்சருக்கும் அதில் பங்கில்லை, அடுத்த வரியை வாசிக்காமல் விட்டேன் என்று. திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிபர் அம்மா இரண்டு தரம் வாசித்தார். பிறகு விண்ணப்பத்தைப் புரட்டி, இவ்வளவு பேரில் ஒரு பிள்ளைக்கு மட்டும் காதுச் சான்றிதழ் எதற்கு என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தோம் என்று சொல்லி வாய்விட்டுச் சிரித்தார். நீங்களாக வந்து சொன்னதால் விண்ணப்பம் நிற்கட்டும், கேட்ட மருத்துவச் சான்றிதழை மட்டும் கொண்டுவந்து தாருங்கள் என்றார். ஆனால் நிஷாந்தியின் நேர்முகப் பரீட்சையில் மர்லியா டீச்சர் இருக்கமாட்டார் என்றார். இடம் கிடைத்தவர்களின் பட்டியல் ஒட்டும்வரை நானும் டீச்சரின் வகுப்புக்குப் போகக்கூடாது என்றும் சொன்னார். இதுதான் பிழை பார்க்க ஆள் இல்லாத கதை. மூன்று சனிக்கிழமை போகிறது, பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் நிற்கும் பிள்ளைபோல ஜன்னலில் நிற்கிறேன்.

நேர்முகப் பரீட்சையை நிஷாந்தி நன்றாகச் செய்தாள், கேட்டதெல்லாம் காதில் விழுந்ததாம். இனி நீயும் அங்கிருந்து டீச்சருக்கு வாட்ஸ்அப்பில் ஒன்றும் அனுப்பிவிடாதே, வணக்கம்கூட வேண்டாம். தெரியாததை அலுவலகத்தில் கேட்டால் அவர்களே சொல்கிறார்கள். டீச்சரைச் சங்கடப்படுத்தி வாங்கிய இடத்தில் நம் பிள்ளை எப்படி அவர் முகத்தைப் பார்த்துப் படிப்பாள்? இடம் கிடைக்காவிட்டால் வேறு பாடசாலை பார்ப்போம், அதன் அறிவித்தலையும் வாசிப்பேன்.

தண்ணீர் நிறையக் குடி. மாப்பிள்ளைக்கும் உனக்கும் எங்கள் இருவரின் ஆசீர்வாதம். வருகிற வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டுகிறார்கள். யாரிடமும் கேட்காமல் நானே போய் வாசிப்பேன், ஒரு வரி முடிந்தாலும் நிற்காமல் அடிவரை வாசித்துவிட்டு, அடுத்த கிழமை உனக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
உலகப்பன்
(முற்றுப்புள்ளி போட்டிருக்கிறேன், தூசி இல்லை).