டிசம்பரில் வருவதாக நான் சொன்ன கேம்

என் உயிரான அண்ணா,

நீ காத்திருந்த வீடியோ கேம் கடைசியில் மார்ச்சில்தான் வந்தது. பிரிகேட் ரோட்டில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அதன் அட்டையைப் பார்த்தேன். உள்ளே போகத் தைரியம் வரவில்லை.

டிவியில் மாட்டிக் கேம் ஆடும் கன்சோல் பெட்டி ஒன்றைப் புதிதாக அறிவித்துவிட்டால் நம் ஆஸ்டின் டவுன் வீட்டில் உனக்கு அன்றைக்கே கிறிஸ்துமஸ். நாம் அதை வாங்கப்போவதில்லை என்று உனக்கும் தெரியும். ஆனாலும் டயாலிசிஸ் முடிந்த மறுநாளே பிரௌசிங் சென்டருக்குப் போய், ஊர் உலகத்துக் கேம் பைத்தியங்களெல்லாம் கூடிப் பேசும் ஃபோரமில் உட்கார்ந்துவிடுவாய். பழைய டிஸ்க் புதுப் பெட்டியில் ஓடுமா ஓடாதா என்று ஃபின்லாந்துக்காரன் ஒருவனோடு மாதக்கணக்கில் சண்டை. "அவனுக்கு ஒண்ணுமே தெரியலடி" என்று நீ சொல்லும்போது முகத்தில் நோயே தெரியாது.

நடக்க முடியாமல் போனதும் நீ சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். ஆபீஸ் முடிந்து வரும் வழியில் சென்டரில் டைப் அடித்துவிட்டு, வந்த பதில்களை எழுதி எடுத்து வருவேன். செப்டம்பர் கடைசியில் அந்தக் கேமின் அறிவிப்பு வந்தது. மார்ச்சில் வெளியீடு என்று படித்தேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய்.

"மார்ச் வரைக்கும் நான் இருப்பேனா, நிர்மலா?"

அம்மாவிடமும் என்னிடமும் டாக்டர் சொல்லியிருந்ததை உன்னிடம் எப்படிச் சொல்வேன்? மறுநாள் வந்து, "தேதிய மாத்திட்டாங்கண்ணா. டிசம்பர்லயே வருதாம்" என்றேன். நீ எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாய்.

அதை உடனே ஃபோரமில் போடச் சொன்னாய். போட்டால் ஒரே நிமிஷத்தில் பொய் என்று சொல்லிவிடுவார்கள். அன்றிலிருந்து நான் சென்டர் பக்கமே போகவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து பதில்களை நானே எழுதினேன். ஃபின்லாந்துக்காரன் தோற்றுப்போனதாக ஒப்புக்கொண்டான். டிசம்பரில் எல்லோரும் கொண்டாடுவோம் என்றான். நீ ஒவ்வொன்றையும் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாய். நவம்பர் முடிவதற்குள் போய்விட்டாய்.

போன வாரம்தான் உன் பாஸ்வேர்டைப் போட்டு ஃபோரமுக்குள் போனேன்.

அவர்கள் உன்னைத் தேடியிருக்கிறார்கள், அண்ணா. நான் போகாத அந்த வாரங்கள் முழுக்க. பெங்களூர்க்காரன் எங்கே, உடம்பு எப்படி இருக்கிறது என்று பெயர் பெயராகக் கேட்டிருக்கிறார்கள். எங்களிடம் மறைத்த பயத்தையெல்லாம் அவர்களிடம் நீ எப்போதோ சொல்லியிருக்கிறாய். இனி உன்னோடு சண்டை போடமாட்டேன், ஒரு வார்த்தை எழுது போதும் என்று ஃபின்லாந்துக்காரன் கெஞ்சியிருக்கிறான். ஒன்றுகூட உன் காதுக்கு வரவில்லை. உனக்குக் கிடைத்ததெல்லாம் நான் கட்டிய கதை.

உனக்கு நம்பிக்கை கொடுத்தேன் என்று நினைத்திருந்தேன். உன் மனிதர்களையல்லவா உன்னிடமிருந்து பறித்துவிட்டேன்? இல்லை, எல்லாம் தெரிந்தும் எனக்காக நம்புவதுபோல் இருந்தாயா? இதை இனி யாரிடம் கேட்பேன்?

நீ இல்லை என்று அவர்களுக்கு எழுத மூன்று நாள் சென்டரில் உட்கார்ந்தேன். கை வரவில்லை. அங்கே இப்போது அடுத்த கன்சோலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். உன்னைக் கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள்.

நாளைக்கு எழுதிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கல்லறைக்கு வந்து, அவர்கள் உனக்கு எழுதியதையெல்லாம் படிக்கிறேன். ஒரு வார்த்தைகூட நானாகச் சேர்க்கமாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
நிர்மலா