கள்ளிப்பால் பட்ட கண்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அக்கா எழுதுவது. நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். நானும் உன் அத்தானும் உயிரோடு இருக்கிறோம், பழையபடி சண்டை போட்டுக்கொள்கிறோம். ஆகவே பயப்படாமல் படி. விரலில் ஒரு முள் இன்னும் வெளியே வர மாட்டேன் என்கிறது. கையெழுத்து கோணலாக இருப்பது அதனால்தான்.

உன் கடிதம் கிடைத்தது. உன் மாமியார் போனில் அழுதாராம். "உங்க அக்கா என் புள்ளையோட கண்ணை அவிச்சுட்டா, இனி அவனுக்கு யாரும்மா இருக்கா" என்று கேட்டாராம். மகள் மொட்டுவைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்து உன் புருஷனைப் பார்த்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறாயாம். அந்த வரியைப் படித்ததும் கடிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டேன். உன் அத்தான்தான் பொறுக்கி எடுத்து, ஒற்றைக் கையால் நீவி, மேஜையில் வைத்தார். ஒற்றைக் கை ஏன் என்று சொல்கிறேன்.

மழை விட்டு வெயில் அடித்த மதியம். நீ விட்டுப்போன முள்செடிகள் வாடுகின்றனவே என்று ஒரு சட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். வேரெல்லாம் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. மண்ணை மொத்தமும் உதறி, வேரை அலசி, மருந்தில் முக்கி, காயப்போட்டோம். அத்தான் கொட்டகை வாசலில் உட்கார்ந்து புதுக் கலவை சலித்துக்கொண்டிருந்தார். பெருமணல், பொடித்த எரிமலைக் கல், கரித்துண்டு, பேருக்கு ஒரு பிடி எரு. அவரைத் தெரியும்தானே, பூச்சியை நசுக்கும்போதுகூட மன்னிப்புக் கேட்கிற மனுஷன். நான் பால் கண்ணில் தெறிக்காமலிருக்கக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, உயரமாய் வளர்ந்த சதுரக்கள்ளியைப் பதியன் போட வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டிய இடத்தில் பால் சொட்டிக்கொண்டே இருந்தது.

அவன் வந்தான். ஆமாம், இனி அவன் என்றுதான் எழுதுவேன். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பை ஆப்பிள். வாய் பழக்கம், "வாங்க மாப்ளே" என்றேன். செடியெல்லாம் பார்த்தான். "நல்லா வளத்திருக்கீங்களே" என்று மெச்சினான். நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்று தணிந்த குரலில்தான் கேட்டான். "எங்களுக்குத் தெரியாதுங்க" என்றார் அத்தான். பொய் சொன்னால் அவருக்குக் காது சிவந்துவிடும்.

அவன் சிரித்தான். "சகலை, உங்களுக்குப் பொய் சொல்ல வரலை" என்றபடியே மேல் தட்டில் கையை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தான். ஒட்டுச்செடிகள் அத்தனையும் தரையில் சிதறின. அத்தான் எழுந்து தடுக்கப் போனார். நிழல்வலை கட்டுகிற இரும்புக் குழாயை உருவி, அவர் முன்கையில் ஓங்கி அடித்தான். எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அத்தான் கத்தவில்லை, "அம்மா" என்று மட்டும் சொல்லி மணலில் உட்கார்ந்தார்.

அடுத்து என்னிடம் வந்தான். கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தான். தலைமுடியைச் சுருட்டிப் பிடித்து, "எங்கடி அவ?" என்று கேட்டு, உருண்டைக் கள்ளியின்மேல் என் முகத்தை அழுத்தினான். கன்னத்திலும் உதட்டிலும் முள் ஏறியது. கண்ணுக்கு அரை விரல் கீழே ஒன்று. ரத்தம் வாய்க்குள் வந்தது. வெட்டிய கள்ளித்துண்டு என் வலது கையில்தான் இருந்தது. பார்க்காமலே பின்பக்கமாக வீசி அடித்தேன். இன்னொரு முறையும் அடித்தேன். பால் அவன் முகம் முழுக்க.

அவன் தரையில் புரண்டு அலறினான். "அக்கா, எரியுது, தண்ணி, தண்ணி!" ரப்பர் குழாய் என் காலடியில் கிடந்தது. எடுத்தேன், ஆனால் திறக்கவில்லை. இவன் உதைத்து விலா உடைந்து நீ என் வீட்டுக் கட்டிலில் மூச்சுவிட முடியாமல் படுத்திருந்தது ஞாபகம் வந்தது. நிற்கலாம், சும்மா நின்றாலே போதும் என்று தோன்றியது. அத்தான்தான் தொங்குகிற கையைப் பிடித்துக்கொண்டு, "திறடி. கண்ணு போயிடும். திற" என்று கத்தினார்.

திறந்தேன். அவன் தலையை என் மடியில் வைத்து, இமையை விரலால் பிரித்துப் பிரித்து ஊற்றினேன். குழந்தைபோல அழுதான். "நான் மாறிட்டேன்னு அவகிட்ட சொல்லுங்கக்கா" என்றான். சின்னக்குட்டி, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு மனசு இளகிவிட்டது.

வலது கண் லேசாகத் திறந்தது. ரத்தச் சிவப்பு. அந்தக் கண் முதலில் தேடியது அந்த இரும்புக் குழாயைத்தான். எட்டி எடுத்து என் முழங்காலில் ஓங்கி அடித்தான். நான் சாய்ந்ததும் மேலே ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்தான். நான் ஊற்றிய தண்ணீர் அவன் தாடையிலிருந்து என் முகத்தில் சொட்டியது. கோபமே இல்லாத குரலில் சொன்னான்: "கண்ணு தெரிஞ்சாலும் சரி, தெரியாட்டியும் சரி, அவளை விடமாட்டேன்."

அத்தான் போட்ட கூச்சல் கேட்டுப் பக்கத்துப் பட்டறை வெல்டர் ஓடி வந்து அவனை இழுத்துப் போட்டு, போலீஸ் வரும்வரை முதுகில் உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்து நம் வீட்டு நாற்காலி முறிந்தபோது எவ்வளவு திட்டியிருப்பேன்! அதையெல்லாம் வாபஸ் வாங்கிவிட்டேன்.

இப்போது நன்றாகக் கேள். உன் மாமியார் சொன்னது பொய். உடனே தண்ணீர் ஊற்றியதால் கண் தப்பியது என்று டாக்டரே சொன்னார். கண்ணில் போட்ட கட்டைப் பிரித்ததும் அவனுக்குப் பார்வை வந்துவிடும். ஜாமீனும் வந்துவிடும். புகாரை நான் திரும்பப் பெறப்போவதில்லை. அதற்காக அவன் உள்ளேயே இருப்பான் என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

அத்தான் மாவுக்கட்டோடு எனக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருக்கிறார். ஒடிந்த செடிகளை நிழலில் பரப்பி வைத்திருக்கிறோம். வெட்டுவாய் காய்ந்த பிறகுதான் நடவேண்டும், ஈரத்தோடு நட்டால் அழுகிப்போகும். உன் ஜன்னலில் இருப்பவற்றுக்கும் மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர் விடு. நீ எப்போதும் பாசத்தில் அதிகமாக ஊற்றிவிடுவாய்.

எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். அவன் கை கழுத்தில் இருந்தபோது உன் ஊர்ப் பெயர் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வெல்டர் இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்லியிருப்பேன். அதனால் இந்தக் கடிதம் கண்டதும் வீட்டை மாற்று. போன் நம்பரை மாற்று. புது முகவரியை யாரிடமும் சொல்லாதே. எனக்கும் எழுதாதே. அத்தானுக்குக் காது சிவக்கும். எனக்கோ உயிர்மேல் ஆசை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மொட்டுவுக்கு இந்நேரம் முன்பல் விழுந்திருக்கும். சிரித்தால் எப்படி இருப்பாள் என்று அத்தான் தினமும் கேட்கிறார். அவளை நன்றாகப் படிக்க வை. வேளாவேளைக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் குறைவில்லாமல், பயமில்லாமல், நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும்.

உன் வரவையும் பதிலையும் எதிர்பார்க்காத,
அக்கா