சுழிக்காமல் விட்ட கொம்பு

கைநாட்டு என்று என்னைப் பார்த்து ஒரு நாள் சிரித்துவிட்டு, மீதி நாளெல்லாம் அதற்காக வருந்திய என் அன்புச் சம்பந்திக்கு,

நீங்கள் கண்ணை மூடிய பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. காலையில் உட்கார்ந்தேன். உங்கள் மகள் கமலா சாப்பிடக் கூப்பிட்டபோது முதல் வரியில்தான் இருந்தேன். "மாமா, தந்தி அடிக்கிறாப்புல இருக்கு" என்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும். போன வாரம் இந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

நீங்கள் கொடுத்த எழுத்துக்கு இந்த வங்காள ஊரில் தீனி குறைவு. ரசப்பொடி பாக்கெட்டையும் நாள்காட்டியையும் எத்தனை தரம் படிப்பது? அதனால் சாந்த்ராகாச்சி ஸ்டேஷனுக்குப் போகிறேன். நம் பக்கம் போகும் வண்டிகளில் ஊர்ப் பெயரைத் தமிழிலும் எழுதியிருப்பார்கள். முப்பது வருஷம் அந்தப் பெட்டிகளைக் கழுவியவன் நான். எதைக் கழுவுகிறேன் என்று தெரியாமலே கழுவியிருக்கிறேன். இப்போது பெட்டி பெட்டியாக நடந்து சென்னை, சென்னை, சென்னை என்று படிக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரே பெயர்தான். அலுக்கவே இல்லை.

ஆனால் சொல்ல வந்தது வேறு. என் எழுத்தால் நம் பேத்தி ரூபா ஜெயிலுக்குப் போக இருந்தாள்.

அவள் ராப் பாடுவது உங்களுக்குத் தெரியும். சரஸ்வதி பூஜை மேடையில் கேட்டுவிட்டு, "பாடுறாளா, ஏலம் விடுறாளா?" என்று என் காதில் கேட்டீர்கள். இப்போது நன்றாகவே பாடுகிறாள். ரயில் யார்டுக்குப் பின்னால் இருக்கும் நம் தகரக் குடிசைகளைப் பற்றி வங்காளத்தில் அவளே கட்டிய பாட்டுகள். நம் பேட்டையில் எந்த மேடையில் யார் பாடுவது என்று முடிவு செய்வது மைக் செட் ஹாரு. அவன் ஒரு தரம் இவள் போனிலிருந்த பாட்டை எடுத்து வேறொருத்தனைப் பாட வைத்தான். அவன் கடை வாசலில் பத்துப் பேர் முன்னால், இன்னொரு பாட்டைத் தொட்டால் சும்மா விடமாட்டேன் என்று இவள் சொல்லிவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு புதுப் பாட்டு எதையும் போனில் வைப்பதில்லை. "தாத்தா, நீ எழுதி வை. உன் தமிழ் எழுத்த இங்க ஒருத்தனுக்கும் படிக்க வராது" என்றாள். அவளுக்கே வராது. எனக்கு வங்காளம் பேச வரும், எழுத வராது. அவள் வங்காளத்தில் சொல்லச் சொல்ல, காதில் விழுந்ததை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதினேன். நாலு பாட்டு, நாலு தாள். எனக்கு உத்தியோகம் கிடைத்த மாதிரி இருந்தது, சம்பந்தி.

போன செவ்வாய்க்கிழமை ஹாருவை ரயில் பாதை ஓரத்தில் யாரோ சுட்டுவிட்டார்கள். உயிர் இருந்தது, நினைவு இல்லை. துப்பாக்கி கிடைக்கவில்லை. கடை வாசலில் ரூபா மிரட்டியதை யாரோ சொல்லிவிட்டார்கள், மத்தியானம் போலீஸ் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவள் பையில் என் தாள் ஒன்று இருந்தது.

நானும் கமலாவும் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினோம். உள் அறையில் ரூபாவை வைத்திருந்தார்கள், பார்க்க விடவில்லை. பெரிய அதிகாரியை இங்கே பரோபாபு என்பார்கள். அவர் மேஜையில் என் தாள். பக்கத்தில் ஒரு தமிழர், துறைமுக வேலைக்கு மாற்றலாகி வந்து இரண்டே மாதம் ஆனவர். வங்காளம் ஒரு வார்த்தை தெரியாது. தாளைப் படித்துச் சொல்ல அவரைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். முதல் வரியைப் பார்த்து அவர் என்ன சொல்லியிருந்தார் தெரியுமா? மார் என்றால் இந்தியில் அடி. அடுத்து கொலெ, அதாவது கொலை. பிறகு ஏதோ சங்கேதம். கடைசியில் ரெலெர் கன், ரயில், துப்பாக்கி.

ரயிலில் எந்த இடத்தில் துப்பாக்கியை வைத்தாய் என்று ரூபாவை இரண்டு மணி நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது பாட்டு என்று சொல்லியிருக்கிறாள். எந்தப் பாட்டு என்று கேட்டால் பாவம், எப்படிச் சொல்வாள்? நாலில் எந்தத் தாள் பையில் இருந்தது என்று அவளுக்குத் தெரியாதே. தன் பையில் இருந்ததைத் தன்னாலேயே படிக்க முடியாது என்று சொன்னவளை யார் நம்புவார்கள்?

நான்தான் எழுதினேன் என்றேன். பரோபாபு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தாது, படிங்க" என்றார். தாத்தாவுக்கு இங்கே அதுதான் சொல்.

பாட்டு எனக்கு மனப்பாடம் இல்லை. படித்துத்தான் ஆகவேண்டும். உங்கள் முன்னால் தவிர யார் முன்னாலும் படித்ததில்லை. எழுத்தெல்லாம் தண்ணீருக்குள் கிடப்பது போல் ஆடின. நீங்கள் சொன்னபடி விரலை வைத்தேன். ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளினேன்.

"மார்... கோலே... ஷுயே... ஷுனி..."

கதவருகே நின்ற பெண் போலீஸ் சட்டென்று, "ரேலேர் கான்" என்று முடித்தாள். மார் கோலே என்றால் வங்காளத்தில் அம்மா மடியில். அம்மா மடியில் படுத்து ரயிலின் பாட்டைக் கேட்கிறேன். அவ்வளவுதான், சம்பந்தி, அந்த வரி.

நான் மூச்சு விட்டேன். தமிழர் விடவில்லை. தாளை வாங்கி மறுபடி பார்த்தார். "பெரியவரே, இது கொ. கோ இல்ல. இது கன், கான் இல்ல. கால் எங்க, சுழி எங்க? இப்ப மாத்திப் படிக்கிறீங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. கண்ணில் பட்டதைச் சொன்னார். ஆனால் பரோபாபு முகம் மறுபடி மூடிக்கொண்டது. கமலா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

உங்கள் குரல் அப்போது கேட்டது. "சம்பந்தி, உங்க கொம்புக்கெல்லாம் சுழியே கிடையாதா?" எத்தனை தரம் சொன்னீர்கள். நான் எத்தனை தரம் சிரித்தேன்.

நான் சொன்னதை எழுதிக்கொண்டு, பரோபாபு கைநாட்டுக்கு மை டப்பாவை என் பக்கம் தள்ளினார். நான் பேனா கேட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு ஒரு பெருமை. கையெழுத்துப் போட்டேன். தமிழர் எட்டிப் பார்த்தார்.

"உங்க பேர் என்ன?"

"கோவிந்தன்."

"எழுதியிருக்கிறது கொவிந்தன்."

அவரே கேட்டார், பழைய கையெழுத்து ஏதாவது இருக்கிறதா என்று. சட்டைப் பையிலிருந்து பென்ஷன் புத்தகத்தை எடுத்தேன். கைநாட்டை மாற்ற நீங்கள் பேங்குக்குக் கூட்டிப்போன அன்று போட்டது. அதிலும் கொவிந்தன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு பரோபாபுவிடம் இந்தியில் சொன்னார்: சார், இவருக்குத் தன் பெயரையே சரியாக எழுத வராது. இந்தத் தாளில் கொலை இல்லை.

அதைவிட நல்ல வார்த்தையை என் வாழ்நாளில் யாரும் என்னைப் பற்றிச் சொன்னதில்லை.

பிறகு ரூபாவைக் கொண்டுவந்து, தாளைக் காட்டாமல், ரயில் பாட்டைப் பாடச் சொன்னார்கள். அவள் பாடினாள். நான் விரல் வைத்துக்கொண்டே போனேன், ஒரு வார்த்தை பிசகவில்லை. கமலா அந்தப் பாட்டை அன்றுதான் முதல் தரம் கேட்டாள். இந்தக் கத்தலால்தான் வீட்டுக்குப் போலீஸ் வந்தது என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தவள், மகளின் துப்பட்டாவைச் சரிசெய்தாள். சாயங்காலம் வீட்டில் சோறு போட்டுவிட்டு, "மாமா, அந்தத் தாள இன்னொரு தரம் படிங்க" என்றாள்.

ரூபா சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "தாத்தா, என் பாட்டுக்கு எல்லாரும் பீட் போடுவாங்க. நீ கேஸ் போட்டுட்டே."

நாலாம் நாள் ஹாருவுக்கு நினைவு வந்தது. சுட்டது தன் ஆட்களில் ஒருவன் என்று பெயரைச் சொன்னான். ஹாரு தேறிக்கொண்டு வருகிறான். தேறி வந்த பிறகு என்ன செய்வான்? தெரியவில்லை. ரூபா சனிக்கிழமை ஜாதவ்பூரில் மாணவர்கள் போடும் மேடையில் பாடுகிறாள். போக வேண்டாம் என்று கமலா சொல்லவில்லை. தானும் வருகிறாளாம்.

ஒன்று மட்டும் உங்களைக் கேட்க வேண்டும். நான் விட்ட சுழிதான் அவளை மாட்டிவிட்டது. நான் விட்ட சுழிதான் மீட்டும் கொடுத்தது. நீங்கள் இருந்திருந்தால் அந்தத் தாளில் சிவப்பு மையால் திருத்தியிருப்பீர்கள். இப்போது என்ன சொல்வீர்கள், திட்டுவீர்களா?

இந்தக் கடிதத்தில் ஒவ்வொரு கொம்பையும் இரண்டு தரம் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நேரம். அவள் பாட்டு இனி எத்தனை வந்தாலும் நான்தான் எழுதுவேன். ஒரு சுழியும் விடமாட்டேன், ஒரு காலும் மறக்கமாட்டேன். உங்கள் பேத்தி மேல் சத்தியம். கீழே பாருங்கள்.

உங்கள் சம்பந்தி,
கோவிந்தன்